இடையில் இருபத்தைந்து ஆண்டுகள்

சிங்கப்பூரில் காருக்கு இரண்டு வயதுகள் முக்கியம். ஒன்று பத்து, இன்னொன்று முப்பத்தைந்து. 1990 மே மாதம் நடப்புக்கு வந்த வாகன ஒதுக்கீட்டு முறையில், ஒரு காரைச் சாலையில் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) ஏலத்தில் பத்தாண்டுக்குத்தான் கிடைக்கிறது. பத்தாவது ஆண்டு முடிவதற்குள் பதிவை ரத்து செய்தால், முன்பு கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி கைக்குத் திரும்பும். காரை வைத்துக்கொள்ள நினைப்பவர் அந்தத் தொகையை இழக்க வேண்டும். சிஓஇயைக் காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டும். சாலை வரி ஆண்டுக்குப் பத்து விழுக்காடு என ஏறி ஐம்பது விழுக்காட்டில் போய் நிற்கும். ஆண்டுதோறும் சோதனை நிலையத்துக்கும் போய்வர வேண்டும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇயே 106,000 வெள்ளியைத் தொட்டது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் எவரும் பத்து வயதுக் காரை உடைக்கவோ கப்பலேற்றவோ அனுப்பிவிடுவதில் வியப்பில்லை. ஆனால் அதே கார் எப்படியோ தப்பிப் பிழைத்து முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டால் நிலைமை தலைகீழ். கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம், கட்டணங்கள் வெகுவாகக் குறையும், ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம். பத்து வயதில் பாரமாக இருந்தது முப்பத்தைந்தில் பாரம்பரியம் ஆகிவிடுகிறது. இடைப்பட்ட 25 ஆண்டுகளில் அதை யார், எங்கே, எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்பதைப் பற்றித் திட்டத்துக்குக் கவலையில்லை. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை வீட்டில் வைத்துச் சீரமைக்கும் பழக்கத்தை இந்த ஊரில் எடைபோட வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் முதலில் காப்பாற்றத் தகுந்தது பழுதுபார்க்கும் கைத்திறன். காரின் பளபளப்பு அதற்கு அடுத்தபடிதான். சிங்கப்பூர் இந்த வரிசையை மாற்றி அடுக்கியிருக்கிறது என்பது என் வாதம்.

உலகத்தில் எத்தனையோ பழைய கார்கள் இருக்க, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் ஏன் வீட்டுப் பழுதுபார்ப்போடு இப்படி ஒட்டிக்கொண்டது? அதன் அழகைக் காரணமாகச் சொல்வார்கள். அதைவிட முக்கியமான காரணம் அதன் எளிய பிறப்பு. 1958இல் வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டின் இன்ஜின், மாரிஸ் மைனரில் இருந்த அதே வகை. 1955இல் வந்த எம்ஜிஏவின் 1489 சிசி இன்ஜின், பின்னாளில் இந்தியாவின் அம்பாசடரில் பல்லாண்டு உழைத்த இன்ஜினுக்கு உடன்பிறப்பு. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் அதே வம்சந்தான். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கு அடித்தளம் கொடுத்த ஹெரால்டு, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னையிலேயே தயாரானது. சுருக்கமாகச் சொன்னால், குடும்பக் காரின் எலும்பில் விளையாட்டுக் காரின் தோலைப் போர்த்தி விற்றார்கள். ஜாகுவார் ஈ-டைப், லோட்டஸ் போன்றவை தனி வகை. அவற்றை விட்டுவிட்டால் மற்றவை எல்லாம் சாதாரண ஸ்பேனருக்கும் திருப்புளிக்கும் வழிவிடும் இயந்திரங்கள். உரிமையாளரே பழுதுபார்க்க வேண்டும் என்று திட்டமிட்டு எவரும் அவற்றைச் செய்யவில்லை. மலிவாகச் செய்யவேண்டும் என்று நினைத்தார்கள், அதனால் எளிமை வந்தது, எளிமையால் ஆயுள் வந்தது. தரம் பற்றி மிகையாகப் பேசும் ரசிகர்கள் இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சன்னலோரத்தில் ஒழுகும் மழைநீரும் எப்போது அணையுமென்று தெரியாத லூகாஸ் விளக்குகளும் தரத்தின் அடையாளங்கள் அல்ல.

இந்தப் பழக்கத்தின் வேதநூலைத் தொகுத்தவரின் கதையிலும் ‘இங்கிலாந்தின் பசும்புல்வெளி ஓரத்து கேரேஜ்’ என்ற படிமம் கொஞ்சம் கலைகிறது. ஜான் ஹேன்ஸ் 1938இல் பிறந்தது இலங்கையில். அவருடைய தந்தை தேயிலைத் தோட்ட மேலாளர். பிரிட்டிஷ் விமானப்படையில் ஏடனில் பணியாற்றியபோது நண்பர் ஒருவரின் ஸ்பிரைட்டைப் பிரித்துப் பூட்ட உதவினார். தொழிற்சாலை வெளியிட்ட கையேடு தொழில் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, தெரியாதவனுக்கு அது உதவாது என்று அப்போதுதான் பிடிபட்டது. பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து, குறிப்பெழுதி, 1966இல் ஸ்பிரைட்டுக்கான முதல் ஹேன்ஸ் கையேட்டை வெளியிட்டார். பாலைவனத்து முகாமில் பிறந்த புத்தகம் அது. வீட்டுப் பழுதுபார்ப்புக்கு விசாலமான வீடும் குளிர்ந்த தட்பவெப்பமும் கட்டாயத் தேவைகள் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. தேவைப்பட்டவை ஒரு நிழலும், வரிசைப்படுத்திய படங்களும், அவசரப்படாத ஒரு மனிதனுந்தான்.

அந்த மனிதனுக்கு என்ன கிடைக்கிறது என்பதை ஒரே ஒரு உறுப்பை வைத்துப் பார்க்கலாம். இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது எஸ்யூ கார்புரேட்டர். அதன் மணி போன்ற மூடிக்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனின் அடியில் நுனி நோக்கிக் கூம்பும் ஊசி. ஊசி இறங்கி நிற்பது பெட்ரோல் வரும் ஜெட்டுக்குள். இன்ஜின் மூச்சை இழுக்க இழுக்கப் பிஸ்டன் மேலேறும், ஊசி விலகும், பெட்ரோல் கூடும். மேலே ஒரு சிறு குழலில் ஊற்றும் எண்ணெய், பிஸ்டன் துள்ளாமல் பார்த்துக்கொள்ளும். கலவை சரியா என்று பார்க்க மின்னணுக் கருவி வேண்டாம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலுள்ள சிறு முளையை அழுத்திப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்த வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் தடுமாறினால் குறைவு. ஒரு கணம் இலேசாக எகிறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. சரியில்லை என்றால் அடியிலுள்ள அறுமுக நட்டை ஒரு முகம் மட்டும் திருப்பிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். எம்ஜிபியில் இரண்டு கார்புரேட்டர்கள். இரண்டும் ஒரே அளவில் காற்றை இழுக்கின்றனவா என்பதை ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, சீறலை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிப்பார்கள். இங்கே நடப்பது வெறும் பராமரிப்பு அல்ல. காரணமும் விளைவும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஊகித்து, மாற்றி, கேட்டு, திருத்திக்கொள்ளும் சிந்தனைமுறை ஒன்று கையில் படிகிறது. இன்றைய காரின் பானெட்டைத் திறந்தால் கறுப்புப் பிளாஸ்டிக் மூடிதான் வரவேற்கிறது. அந்த மூடிக்குக் கீழே மேலான பொறியியல் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது உரிமையாளரைக் கற்கக் கூப்பிடுவதில்லை.

ஆனால் ‘வீட்டில்’ என்ற சொல்தான் சிங்கப்பூரில் இடிக்கிறது. இங்கே நான்கில் மூன்று பேருக்கும் மேல் வசிப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில். கார் நிற்பது பலமாடிக் கார்நிறுத்துமிடத்தில், மாதக் கட்டணத்துக்கு. அது பொதுவிடம், அங்கே காரை ஜாக்கியில் தூக்கி வைத்து, அச்சைப் பிரித்து, எண்ணெயை வடிக்க விதிகள் இடங்கொடுப்பதில்லை. இடங்கொடுக்கவும் கூடாது. தனியார் அடுக்குமாடிகளிலும் இதே கதைதான். முழுக்காரையும் தன் கூரைக்குக் கீழ் வைத்துப் பிரிக்கும் வசதி தரைவீட்டுக்காரர்களுக்கு மட்டுமே உண்டு. ஆகவே இங்கே இந்தப் பழக்கம் இரண்டாகப் பிளந்திருக்கிறது. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், விளக்கு, கடிகார முகப்பு போன்ற கையடக்கமான வேலைகள் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள் விரித்து நடக்கின்றன. டிங்கர் வேலை, பெயிண்ட், இன்ஜின் இறக்குதல் எல்லாம் சின் மிங், காக்கி புக்கிட், ஊபி பட்டறைகளுக்குப் போய்விடுகின்றன. இது வீட்டுச் சீரமைப்பே அல்ல, பணம் கொடுத்துச் செய்விப்பது என்று ஒருவர் சொல்லலாம். ஓரளவுக்கு நியாயம். ஆனால் எல்லாவற்றையும் வீட்டில் செய்வதே உயர்வு என்ற எண்ணம் ஆபத்தானது. பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. சக்கரத்தைக் கழற்றிக் காற்றடித்துத் தூசி தட்டினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். இரண்டு கலவை சேர்த்து அடிக்கும் நவீன பெயிண்டின் ஐசோசயனேட் ஆவி, முகமூடி இல்லாதவரை ஆயுள் முழுக்க ஆஸ்துமாக்காரர் ஆக்கிவிடக்கூடும். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் படுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கே நிறுத்திக்கொண்டு தொழில் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும் என்று அறிவதும் கைத்திறனின் பகுதிதான். நல்ல உரிமையாளரை அடையாளம் காண ஒரே வழி, பட்டறைக்குக் காரை அனுப்பும்போது என்ன பழுது என்பதை அவரால் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது. ‘ஏதோ சத்தம் வருது, பாத்துக் குடுங்க’ என்பவர் வாடிக்கையாளர். ‘மூணாவது கியர்ல வேகம் குறைக்கும்போது மட்டும் வருது’ என்பவர் பராமரிப்பாளர்.

பட்டறையை நம்பியிருக்கும் பழக்கத்துக்குப் பட்டறை இருக்க வேண்டும், பட்டறைக்காரருக்குக் கை இருக்க வேண்டும். இரண்டுமே குறைந்து வருகின்றன. சிராங்கூன் சாலையிலிருந்து சையத் ஆல்வி சாலை வழியாக ஜாலான் புசார் பக்கம் நடந்தால், மோட்டார் உதிரிபாகத்துக்கும் இரும்புச் சாமானுக்கும் பேர்போன வட்டாரம். பக்கத்தில்தான் சுங்கை ரோடு திருட்டுச் சந்தை இருந்தது. பழைய கருவிகளும் எந்தக் காருக்கென்று தெரியாத பாகங்களும் தரையில் விரிந்து கிடக்கும் இடம். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அது மூடப்பட்டது. டிர்விட் சாலையில் ஒரு பழைய இரும்புக் கடை 2012இல் காப்பிக் கடையாக மாறியது. பெயரில் மட்டும் ‘ஹார்ட்வேர்’ மிச்சமிருக்கிறது, காப்பியும் நன்றாகவே இருக்கிறது. இந்த மாற்றத்தைப் பற்றி ஒப்பாரி வைப்பதில் பயனில்லை. எம்ஜிபிக்கு வேண்டிய பாகம் இன்று இங்கிலாந்திலிருந்து அஞ்சலில் வந்துவிடுகிறது, பல வேளைகளில் ஜாலான் புசாரில் தேடும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில். கிடைக்காதது பாகம் அல்ல. பிளாட்டினத்தின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்குக்குச் சரிசெய்யவும், ரப்பர் சீல் கசிந்தால் முழு பிரேக் சிலிண்டரையும் தூக்கிப் போடாமல் உள்ளே துரு ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும் தெரிந்த மெக்கானிக்தான் கிடைப்பதில்லை. இருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது. பத்தாண்டில் காரை மாற்றும் ஊரில் அந்த வித்தையைக் கற்க இளைஞருக்கு என்ன காரணம் இருக்கிறது? பத்து வயதுக்குட்பட்ட கார்களுக்கு வேண்டியது பாகம் மாற்றும் திறமை. பழைய காருக்கு வேண்டியது பாகத்தைப் பிழைக்கவைக்கும் திறமை.

இனி இந்தப் பழக்கத்தின் உள்நோய்க்கு வருகிறேன். சீரமைப்பு என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி அழிப்பு வேலை. லிட்டில் இந்தியாவில், கெர்பாவ் சாலையில், 1900இல் கட்டிய டான் டெங் நியா வீடு இருக்கிறது. அந்த வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் கடைசிச் சீன மாளிகை. 1980களில் சீரமைக்கப்பட்டது. இன்று ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு நிறம். சுற்றுலாப் பயணிகள் அதன் முன்னால் படமெடுத்துக்கொள்ள வரிசையில் நிற்கிறார்கள். முதலில் அந்த வீடு வெள்ளைச் சுவரும் பச்சை வேலைப்பாடுமாகத்தான் இருந்தது. கண்ணுக்கு இனிமையான பொய் என்று அதைச் சொல்லலாம். பழைய கார் உலகத்தில் இந்தப் பொய்க்குப் பரிசே கொடுக்கிறார்கள். தொழிற்சாலையில் வெளிவந்த நாளில்கூட இல்லாத கண்ணாடிப் பெயிண்ட், அன்று யாரும் குரோம் பூசாத போல்ட்டுகளுக்குக் குரோம், வெடிப்பே விடாத புதுத் தோல் இருக்கை. எம்ஜிபியின் பக்கவாட்டில், கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடு துருப்பிடிக்கும் என்பது ஊரறிந்த செய்தி. அந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடலே சட்டகம், ஆகவே சில் போனால் முதுகெலும்பு போன மாதிரி. 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே எம்ஜிபியின் முழு உடலும் புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. புது உடல், திருப்பிக் கட்டிய இன்ஜின், புது மின்கம்பிகள், புது இருக்கை என்று எல்லாம் மாறிய பிறகு 1960களின் கார் என்று பதிவேட்டில் நிற்பது ஒரு எண் மட்டும். இந்த அச்சம் துறைக்குள்ளேயே உண்டு. உலகப் பழங்கார் கூட்டமைப்பான ஃபிவா 2012-13இல் ஏற்ற டுரின் சாசனம், கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றி, இயன்றவரை பாதுகாப்புக்கு முன்னுரிமை, தலையீடு மிகக் குறைவு என்ற நெறியை வாகனங்களுக்கும் சொல்லியது.

சிங்கப்பூருக்கு இந்த நெறி புதிதல்ல. 1989இல் லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்த நகர மறுசீரமைப்பு ஆணையம், கடைவீடுகளுக்கு மூன்று சொற்களில் ஒரு வழிகாட்டியை வைத்திருக்கிறது: இருப்பதை இயன்ற மட்டும் தக்கவைத்தல், நுட்ப உணர்வோடு மீட்டல், கவனமாகப் பழுதுபார்த்தல். அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். தக்கவைத்தல்தான் முதலில். ஒரு கடைவீட்டின் மரக்கதவில் உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, அதே மரத்தில் ஒட்டுப் போடச் சொல்லும் ஊர் இது. காருக்கு வந்தால் வயதை மட்டும் பார்க்கிறது. முப்பத்தைந்து ஆண்டு ஆகிவிட்டதா, பாதுகாப்பும் புகையும் சோதனையில் தேறினவா, அவ்வளவுதான். உள்ளே எவ்வளவு பழையது எஞ்சியிருக்கிறது என்பது உரிமையாளரின் மனச்சாட்சிக்கு விடப்பட்ட விஷயம். இதை அரசு அளக்கத் தொடங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. படிவங்களால் மனச்சாட்சி வளராது. ஆனால் சங்கங்களும் கண்காட்சிகளும் எதற்குப் பரிசு கொடுக்கின்றன என்பதை மாற்றிக்கொள்ளலாம். மங்கிய பெயிண்டும் ஒழுங்காக ஓடும் இன்ஜினும் உள்ள கார், பளபளப்பும் லாரியில் ஏறி வரும் பழக்கமும் உள்ள காரை வெல்ல வேண்டும்.

நூறு விழுக்காடு அசல் என்ற கோஷத்துக்கும் இங்கே ஓர் எல்லை உண்டு. சிங்கப்பூரில் 1998 ஜூலையோடு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது. பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் தலைகளில் வால்வு அமரும் இடத்துக்கு அந்த ஈயந்தான் மெத்தை. ஈயமில்லாத பெட்ரோலில் நெடுந்தூரம் ஓட்டினால் வால்வு இருக்கை தேய்ந்து உள்வாங்கும். கடினப்படுத்திய இருக்கைகளைப் பொருத்துவதே நிரந்தர மருந்து. 32 டிகிரி வெயிலில் நெரிசலில் நின்றால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி இன்ஜின் அடங்கிவிடும். கூடுதலாக ஒரு மின்விசிறி வைத்தால் தப்பிக்கலாம். இங்கிலாந்தில் குளிர்காலச் சாலை உப்பு அடியிலிருந்து அரிக்கிறது. இங்கே உப்பில்லை, ஆனால் காற்றின் ஈரம் எங்கும் நுழைகிறது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது, ஆகவே ஓடாமல் நிற்கும் காரின் பிரேக் சிலிண்டர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். 45 நாள் என்ற வரம்பு காரைக் கெடுக்கிறது என்று உரிமையாளர்கள் சிலர் முறையிடுவதில் இந்த உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் எட்டு நாளுக்கு ஒருமுறை சராசரியாக ஓடினால் எந்தக் காரும் கெட்டுவிடாது. கெடுவது, அந்த 45 நாளையும் பயன்படுத்தாமல் குளிரூட்டிய அறையில் போர்வை போர்த்தி வைப்பவர்களின் கார். எம்ஜிபியின் முன்சக்கரக் கிங்பின்னுக்கு மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கச் சொல்கிறது கையேடு. மூவாயிரம் மைலைத் தொட்டால்தானே அடிக்க!

காலனியத்தின் மீதான ஏக்கம் என்ற குற்றச்சாட்டு அடிக்கடி எழுகிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. தொப்பியும் கையுறையும் அணிந்து எம்ஜியில் போகும் ஒருவரின் கற்பனையில் யார் எஜமானர், யார் ‘சைஸ்’ எனப்பட்ட ஓட்டுநர் என்ற கேள்வி, தேக்கா மாட்டுக்கொட்டகைகளிலும் எஜமானர்களின் கார் ஓட்டுநர் இருக்கையிலும் உழைத்த நம்மவர்களின் வழிவந்தோருக்குச் சும்மா தோன்றுவதல்ல. ஆனால் இந்தக் கார்கள் இங்கே எஜமானர்களுக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. 1961இல் அப்பர் தாம்சன் சாலையில் நடந்த முதல் கிராண்ட் பிரியை ஆஸ்டன் மார்ட்டின் ஓட்டிய இயன் பார்ன்வெல் வென்றார். நாடு தனியான பிறகு, 1966இல், சிங்கப்பூர் கிராண்ட் பிரி என்ற பெயரில் நடந்த முதல் பந்தயத்தை வென்றவர் உள்ளூர்க்காரரான லீ ஹான் செங், லோட்டஸ் 22இல். 1973க்குப் பிறகு பந்தயம் நின்றுபோனது. ஆக, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்குச் சிங்கப்பூரில் ஒரு சொந்த வரலாறு உண்டு. கோளாறு எங்கே என்றால், அந்த வரலாற்றைச் சேர்ந்த கார்கள் இங்கே மிகக் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. பயன்படுத்திய கார் என்றால் மூன்று வயதுக்குட்பட்டதைத்தான் இறக்குமதி செய்யலாம். கிளாசிக்கிற்கு விலக்கு உண்டு. எனவே உள்ளூரில் ஓடி, உள்ளூர் மெக்கானிக்கின் கைபட்ட காரைப் பத்து வயதில் கழித்துக் கட்டும் ஊர், கென்ட்டிலோ கலிபோர்னியாவிலோ வேறொருவர் வீட்டில் வாழ்ந்த காரை முப்பத்தைந்து வயதில் கப்பலில் வரவழைத்துப் பாரம்பரியம் என்று பதிகிறது. காலனிய ஏக்கம் என்ற விமர்சனத்தைவிட இது எனக்குக் கூர்மையாகப் படுகிறது. நாம் காப்பாற்றுவது பிறருடைய நினைவு.

பணக்காரரின் விளையாட்டு என்ற அடுத்த ஆட்சேபத்தை முழுசாகவே ஒப்புக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்த்தால் இன்னும் உறைக்கும். 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது, அங்கே ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெட்ரோலில் இன்ஜினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேறு வண்டியில்லாத ஊரில் அந்தக் கைத்திறனுக்கு யாரும் பொழுதுபோக்கு என்று பெயர் வைக்கவில்லை. எம்ஆர்டி ரயில் எங்கும் போகும் சிங்கப்பூரில் எம்ஜிபி எவருக்கும் தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் கற்ற வித்தைக்கு மதிப்பில்லையா என்று கேட்டால், வீணையும் யாருக்கும் தேவையில்லை என்பதுதான் என் பதில். ஆனால் வீணை கற்க வாசல்கள் உண்டு. இந்த வித்தைக்குத் தரைவீடுதான் நுழைவுச்சீட்டு என்று ஆகியிருப்பது பிழை.

சுற்றுச்சூழலைப் பற்றி ரசிகர்கள் சொல்லும் தற்காப்பு எனக்கு ஒப்பவில்லை. புதுக் கார் செய்வதில் செலவாகும் எரிசக்தியைப் பழைய கார் மிச்சப்படுத்துகிறது என்கிறார்கள். அன்றாடம் ஓட்டும் காரை மாற்றாமல் வைத்திருப்பவருக்கு அந்த வாதம் பொருந்தும். வீட்டில் ஏற்கனவே ஒரு கார் இருக்க, இரண்டாவதாகக் கடல் கடந்து வரவழைத்த காருக்குப் பொருந்தாது. வினையூக்கி மாற்றி இல்லாத இன்ஜின், கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் புதுக் காரைவிடப் பன்மடங்கு கெட்ட புகையை விடும். குறைவாக ஓடுகிறது என்பது மட்டுமே நேர்மையான சமாதானம். 2030 முதல் புதிதாகப் பதியும் கார்கள் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும், 2040க்குள் பெட்ரோல் டீசல் வாகனங்களை வழக்கொழிக்க வேண்டும் என்பது அரசின் இலக்கு. அதற்குப் பிறகு பழைய கார்களுக்கு மட்டும் பெட்ரோல் விற்க எத்தனை நிலையங்கள் தேவைப்படும் என்று இன்றைக்கே சிலர் கவலைப்படத் தொடங்கிவிட்டார்கள். இந்தக் கட்டுரையின் அக்கறை அதுவல்ல.

பழுதுபார்க்கும் கைக்கு ஓர் இடம் வேண்டும் என்பதுதான் என் அக்கறை. 2014இல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாம், அடுக்குமாடி வாசிகள் மின்விசிறியையும் அரிசிக் குக்கரையும் தன்னார்வலர் துணையோடு தாங்களே பிரித்துப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்தது. அதே யோசனையைக் காருக்கு விரித்தால், தொழிற்பேட்டை ஒன்றில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பொதுப் பட்டறை: காரைத் தூக்கும் இரண்டு லிஃப்ட், கழிவெண்ணெய் சேகரிக்க ஒரு தொட்டி, பிரேக் தூசியை ஈரத்தோடு துடைத்தெடுக்கும் ஏற்பாடு, ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவருக்குச் சம்பளம். பெயிண்ட் அடிக்க அனுமதியில்லை. விபத்துக்கு யார் பொறுப்பு, காப்பீடு யார் தருவார் என்பவை உண்மையான தடைகள். ஆனால் மரவேலைக்கூடங்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் அதே தடைகளைத் தாண்டித்தான் நடக்கின்றன. இன்றைய கார்களைச் சாதாரணமானவர் தொட முடியாது என்ற ஆட்சேபமும் பாதிதான் உண்மை. இன்ஜினின் மூளை மூடிக் கிடந்தாலும் பிரேக் பேடு, கூலன்ட் குழாய், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் இன்னும் ஸ்பேனருக்கு அடங்குபவைதான், கோளாறு எண்ணைப் படிக்கும் சிறு கருவியும் மலிவாகவே கிடைக்கிறது. அப்படி ஓர் இடம் திறந்தால் அதில் முதலில் ஏற வேண்டியது எம்ஜிபி அல்ல, சிஓஇ புதுப்பித்த பதினோரு வயது டொயோட்டா. இன்னும் 24 ஆண்டு அதைத் தள்ளிக்கொண்டு போக ஆள் இருந்தால்தான் இந்த ஊருக்கென்று சொந்தமாக ஒரு கிளாசிக் கிடைக்கும்.